70 சதவீதம், எதில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சுயபதிப்பில் ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) 70 சதவீதம், பதிப்பகத்தில் 10தான் என்று பலரும் ஒப்பிடுகிறார்கள். புது எழுத்தாளர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அமேசானின் கிண்டில் தளத்தில் அந்த 70, மின்னூலுக்கு மட்டும். அதுவும் குறிப்பிட்ட வரம்புக்குள் விலை வைத்தால். வரம்பைத் தாண்டினால் 35. அச்சு நூலென்றால் தளத்தின் பங்கு போய், அச்சுச் செலவும் போய், மிஞ்சுவதே எழுத்தாளருக்கு.

பதிப்பகம் சொல்லும் 10 எதன் மேல் என்பதையும் கேட்க வேண்டும். நூலின் விலை 100 ரூபாய், கடைக்காரர் கழிவு 40 என்றால் பதிப்பகத்துக்கு வருவது 60. அட்டை விலையில் கணக்கிட்டால் எழுத்தாளருக்கு 10. நிகர வரவில் கணக்கிட்டால் வெறும் 6. முன்பணம் வாங்கியவருக்கு அது ஈடாகும்வரை ராயல்டி கிடையாது. கடைகள் திருப்பி அனுப்பும் பிரதிகளும் கழியும்.

இதைவிடப் பெரிய கேள்வி, விற்காத பிரதிகள் யார் தலையில் விழும் என்பது. பதிப்பகம் போட்டால் அவர்கள் தலையில். சொந்தமாகப் போட்டால் கட்டுக் கட்டாக நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். ஆஃப்செட்டில் (மொத்தமாக அச்சடிக்கும் முறையில்) 1000 அடித்தால் பிரதி விலை குறைகிறதே என்று ஆசைப்பட்டுத்தான் பணம் முடங்குகிறது. வாங்கக்கூடியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 100 பெயர் தேறாவிட்டால் தேவைக்கேற்ப அச்சிடும் முறையே நல்லது. பிரதிக்குச் செலவு கூடினாலும் இருப்பு தேங்காது.

ஆஃப்செட்தான் என்று முடிவெடுத்தால் பக்கக் கணக்கில் கவனம் வேண்டும். ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள் ஒரு ஃபாரம்; பொதுவாக 16 பக்கம். 192 பக்கம் சரியாக 12 ஃபாரம். 194 ஆனால் அந்த 2 பக்கத்துக்காகத் தனியாகத் தாள் ஓட்ட வேண்டும். மெய்ப்புத் திருத்தம் முடிந்து பக்க எண்ணிக்கை உறுதியாகாமல் அட்டையை முடிக்கக் கூடாது. முதுகின் (பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய ஓரத்தின்) அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. பிறகு 20 பக்கம் கூடினால் முதுகு அகலமாகி, அதிலுள்ள தலைப்பு நடுவிலிருந்து விலகிவிடும். மாதிரிப் பிரதியைக் கையில் பார்க்காமல் மொத்தமாக அச்சிடச் சொல்லவே வேண்டாம்.

எழுத்தாளரிடமே பணம் கேட்டு "நாங்கள் பதிப்பிக்கிறோம்" என்பவர்களிடம் போவது சுயபதிப்பு, பதிப்பகம் இரண்டிலும் சேராது: செலவு நமக்கு, உரிமையோ பல சமயம் அவர்களுக்கு. எந்த ஒப்பந்தமானாலும், பிரதி தீர்ந்து குறிப்பிட்ட மாதங்களுக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பும் என்ற வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
பதிப்புத் துறை வாசகர்