எக்ஸ்ரே நார்மல் என்று திருப்பி அனுப்பாதீர்கள்

மதிப்புக்குரிய டீன் அவர்களுக்கும் ஸ்கேன் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் மகளைச் சேர்த்திருக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டீராய்டு எவ்வளவு முக்கியம், அது எலும்பை என்ன செய்யும் என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்களிடம்தான் அதை யாரும் சொல்லவில்லை.

மகளுக்கு 12 வயது. இடுப்பு வலிக்கிறது என்றாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், நார்மல். மறுபடி அழுதாள், மறுபடி எக்ஸ்ரே, மறுபடி நார்மல். "கீமோ போற பிள்ளைக்கு வலி இருக்கத்தான்மா செய்யும்." ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது செத்துப்போகத் தொடங்கும்போது எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். இவையெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தன. அதற்குள் எலும்பின் தலை ஒரு பக்கம் அமுங்கிவிட்டது.

அந்த எம்.ஆர்.ஐ.க்கு நாங்கள் போன கதையையும் கேளுங்கள். ஸ்கேன் கட்டடம் வளாகத்தின் அந்தக் கோடியில். சக்கர நாற்காலி இல்லை என்றார்கள். பெரியவளாகப் போகிற வயதுப் பெண்ணை அவள் அப்பா இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓ.பி. வரிசை முழுக்கப் பார்க்க நடந்தார். மொட்டைத் தலைமேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தை அவர் தோளில் மறைத்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்தால், சீட்டில் ஒரு கையெழுத்து குறைகிறதாம். நாளைக்கு வாங்க.

ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை இடுப்போ முட்டியோ வலிக்கிறது என்றால், எக்ஸ்ரேயோடு நிறுத்தாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுங்கள்.

எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் வெளியே எடுத்து வரச் சொன்னீர்கள், எடுத்தோம். ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் போட்டு 'ஆஸ்டியோபோரோசிஸ்', அதாவது எலும்புத் தேய்வு, என்று அச்சடித்திருந்தார்கள். அது வளர்ந்து முடிந்த இளம் வயதினரோடு ஒப்பிடும் கணக்கு. பிள்ளைகளுக்கு அவர்கள் வயதோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர்தான் பார்க்க வேண்டும். டி-ஸ்கோரை நம்பினால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஊன்றுகோல் வாங்கித் தரலாம். இங்கே யாரும் கேள்வி கேட்காமல் ஃபைலில் கோத்துவிட்டார்கள். புது மெஷின் வந்தால் ரிப்பன் வெட்ட எத்தனை பேர்! மத்தியானத்துக்கு மேல் அதை ஓட்டத்தான் டெக்னீஷியன் இல்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணிவாகவே கேட்கிறேன். வாரத்தில் ஒரு காலை நேரத்தை எங்கள் வார்டுப் பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ.க்கு ஒதுக்குங்கள். சீக்கிரம் தெரிந்திருந்தால் முழுக்கக் குணமாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மாடிப்படி ஏறவிடாமலாவது பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து பெட் பையனுக்கு இப்போது முட்டி வலி. அவன் சீட்டிலும் 'எக்ஸ்ரே நார்மல்' என்றுதான் எழுதியிருக்கிறது. தயவுசெய்து அவனுக்கு இந்த வாரமே எம்.ஆர்.ஐ. தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் இருக்கும் ஒரு அம்மா