கவரேஜ் வரைபடத்தில் சதவீதம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி செல்போன் நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். வரவேற்க வேண்டிய விதி. ஆனால் வண்ணம் பூசிய பகுதியில் எத்தனை சதவீத இடங்களில் சிக்னல் எட்டும் என்பது தெரியாவிட்டால், அதை நம்பி வேளச்சேரியில் வீடு பார்ப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது.

டவரிலிருந்து உள்ள தூரத்தைக் கொண்டு சிக்னலைக் கணிக்கும் ஹாட்டா போன்ற கணக்கீட்டு முறைகள் தருவது இடைநிலை அளவு. டவரிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள இடங்களில் பாதியில் சிக்னல் அதைவிடக் கூடும், மீதியில் குறையும். சௌகார்பேட்டை போலக் கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்கு இந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தை, அதாவது சிதறலின் அளவை, சுமார் 8 டெசிபல் (சிக்னல் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) என்று கொள்வது வழக்கம். கவரேஜ் எல்லையில் 90 சதவீத இடங்களுக்குச் சிக்னல் வேண்டுமானால், அந்த 8-ஐ 1.28-ஆல் பெருக்கி, 10 டெசிபலுக்குச் சற்று அதிகமாகச் சிக்னலில் கூடுதல் இருப்பு ஒதுக்க வேண்டும். 95 சதவீதத்துக்கு 13. தூரம் பத்து மடங்காகும்போது 35 டெசிபல் இழப்பு என்று வைத்தால், அந்த 10 டெசிபலே எல்லையைப் பாதியாக்கிவிடும். 2 கிலோமீட்டர் ஆரம் 1 கிலோமீட்டராகும், பரப்பு கால்வாசியாகும். டவரில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை!

இன்னொன்று: எல்லைக்கோட்டில் 50 சதவீதம் என்றாலும், இதே கணக்கில் வட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 75 சதவீதம் வரும். எனவே சொல்வது எல்லைச் சதவீதமா, பரப்புச் சதவீதமா என்பதும் முக்கியம்.

வீட்டுக்குள் கான்கிரீட் சுவர் மேலும் 10 முதல் 20 டெசிபல் தின்னும். அதுவும் வீட்டுக்கு வீடு வேறுபடும்.

வரைபடத்தை அளந்து சரிபார்ப்பவர்கள் நின்ற இடத்தில் ஒரே எண்ணைக் குறித்துக்கொண்டு போகக் கூடாது. 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர்தான். நான்கு விரல் அகலம் நகர்ந்தாலே அளவு பல டெசிபல் மாறக்கூடும். அலைநீளத்தின் 40 மடங்கு, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர் நடந்து, 50 அளவுகளாவது எடுத்துச் சராசரி காண வேண்டும்.

ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் குறைந்தபட்ச சிக்னல் அளவு, இடச் சதவீதம், வீட்டுக்கு உள்ளா வெளியா, கணக்கிட்டதா அளந்ததா என்ற நான்கு விவரங்களை அச்சிட டிராய் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
அலைபேசித் தொடர்புப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை