ஜன்னல் ஓரத்தில் இருந்தவளும் பார்த்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த ரயில் கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேரள எல்லையோரம் இருக்கும் எங்கள் ஆரியங்காவுக்கு உங்கள் பத்திரிகை பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் சாயாக் கடையில் இரண்டாம் சுற்று முடிந்துவிடும், அதனால் எதையுமே நான் தாமதமாகத்தான் வாசிப்பேன். இந்தக் கதையை மட்டும் அன்றைக்கே இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை கோபமாக. எழுதியவர் சின்ன வயசுக்காரர் போலிருக்கிறது, பெயரைச் சொல்லி மனசை நோகடிக்க விருப்பமில்லை.

வாசிக்காதவர்களுக்காக: செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பழைய மீட்டர் கேஜ் வண்டி, அதில் ஒரு கல்லூரிப் பையன், எதிர் சீட்டில் ஒரு மலையாளப் பெண். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பார்த்துக்கொண்டே வருகிறான், குகை வருகிறது, இருட்டு, பிறகு வெளிச்சம், தென்மலையில் அவள் இறங்கிப் போய்விடுகிறாள். அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் கதாசிரியருக்கு மனசு கேட்கவில்லை. 2015இல் அதே வண்டியில், அதே ஜன்னலோரத்தில், தலை நரைத்த அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்து, "அன்றைக்கு நானும் உங்களைத்தான் நினைத்தேன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2015இல் அந்த வழியில் ரயிலே கிடையாது. 1904இல் ஓட ஆரம்பித்த வண்டி அது, அகலப் பாதை போடுவதற்காக 2010 செப்டம்பரில் நிறுத்தினார்கள், மறுபடி மலை ஏறிச் செங்கோட்டை வரை வந்தது 2018இல்தான். நடுவில் ஏறக்குறைய எட்டு வருஷம் நாங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புளியரை வளைவுகளில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு போனோம். அந்த எட்டு வருஷத்தில் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பாறை உடைத்தார்கள், ஸ்டேஷன் பக்கம் ஆடு மேய்ந்தது. அதே ஜன்னலோர சீட்டு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. அப்புறம் குகை. கதையில் அது தென்மலையை நெருங்கும்போது வருகிறது. நீளமான அந்தக் குகை பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தமிழ்நாட்டில் நுழைந்து கேரளத்தில் வெளியே வருவோம். சரி, கதைதானே, இதையெல்லாம் விட்டுவிடலாம்.

விட முடியாதது அந்தப் பெண். ஈரத்தலை, நுனியில் முடிச்சு, நெற்றியில் சந்தனக் கீற்று, பெரிய கண்கள். கண்ணுக்கு மட்டும் மூன்று உவமை, எண்ணிப் பார்த்தேன். கையில் என்ன வைத்திருந்தாள் என்று ஒரு வரி இல்லை. எந்த வேலைக்குப் போகிறாள், கால் செருப்பு எப்படி, பக்கத்தில் யார், ஒன்றும் இல்லை. தமிழில் கதை எழுதுகிறவர்களுக்கும் சினிமா எடுக்கிறவர்களுக்கும் கேரள எல்லை தாண்டியதும் ஒரே பெண்தான் கண்ணில் படுகிறாள் போல. அந்த வண்டியில் வழக்கமாகப் போய்வந்தவள் நான் சொல்கிறேன், எதிர் சீட்டுக்காரி தமிழா மலையாளமா என்று அவள் வாயைத் திறந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் கழுதுருட்டி, தென்மலை, ஆரியங்காவு எங்கும் இருக்கின்றன. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே, ஊர் நுழைவு வளைவில் இன்றும் சங்கு முத்திரை இருக்கிறது. என் அப்பா சாகும்வரை செங்கோட்டையை "நம்ம பக்கம்" என்றுதான் சொன்னார். கதையில் வரும் பையன் அவளைப் பார்த்து "அந்நிய மொழியின் அழகு" என்று உருகுகிறானே, அவள் மனசுக்குள் திருநெல்வேலித் தமிழில் அவனை என்ன சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாளோ.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை.

1986. எனக்குப் பத்தொன்பது வயசு. கழுதுருட்டியில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படிக்க வாரத்தில் மூன்று நாள் செங்கோட்டைக்குப் போவேன். அப்பாவுக்குத் தெரிந்த ரயில் கார்டு ஒருவர் இருந்தார், அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், மலை ஏற்றத்தில் பின்னாலும் ஒரு இன்ஜின் முட்டித் தள்ளும், அப்போதும் பக்கத்தில் நடந்து போகிறவனோடு பேசிக்கொண்டே போகலாம் என்கிற வேகம்தான்.

ஆனி மாசம், நல்ல மழை. மழை என்றால் எங்கள் பக்கத்து மழை, எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டு உள்ளே எல்லாரும் ஈரத் துணி வாடையோடு உட்கார்ந்திருந்தோம். எதிரில் ஒருத்தர், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவராக இருக்கும், ஏற்கனவே பின்னால் எங்கேயோ ஏறி வந்திருந்தார். கையில் தமிழ் வாரப் பத்திரிகை. அதை விரித்துப் பிடித்திருந்ததில் எனக்கு வசமாக வந்த பக்கத்தில் ஒரு தொடர்கதை. நான் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன். மேலிருந்து கீழே வந்து கடைசி வரியை முடித்தேன், அவர் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தையும் வாசித்தேன், முடித்தேன், திருப்பினார். மூன்றாவது பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது, இவர் எனக்காகக் காத்திருந்து திருப்புகிறார் என்று. காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அவர் கட்டைவிரல்தான் கண்ணில் பட்டது. நகத்தைச் சுற்றி ரப்பர் பால் காய்ந்து கருத்து, ஓரத்தில் தோல் மாதிரி உரிந்து நின்றது. பால் வெட்டுகிறவர். எங்கள் வீட்டிலும் அந்த விரல்கள் உண்டு, ஒட்டுப்பால் வாடை சோப்புப் போட்டாலும் போகாது.

ஆரியங்காவு தாண்டிக் குகைக்குள் நுழைந்தது வண்டி. எங்கள் பெட்டியில் விளக்கு எரியாது, என்றைக்கும் எரிந்ததில்லை. ஒன்றும் தெரியவில்லை, பத்திரிகைத் தாள் மட்டும் வண்டியின் ஆட்டத்துக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பாதியில் நின்றிருந்தது. குகை தாண்டியதும் தமிழ்நாடு, வெயில். நம்ப மாட்டீர்கள், குகைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை, இந்தப் பக்கம் காற்றும் தூறலும் நடுவில் வெயிலும். எல்லாரும் சடசடவென்று ஷட்டரை ஏற்றினார்கள். அவர் ஏற்றவில்லை. பக்கத்தை அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மிச்சத்தை வாசித்தேன். கடைசியில் "தொடரும்" என்று போட்டிருந்தது.

செங்கோட்டையில் இறங்கினோம், கூட்டத்தில் போய்விட்டார். அவ்வளவுதான். முகம் பார்த்தேனா என்றால் பார்த்தேன், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விரல் தெரியும். தொடர்கதையின் பெயர்கூட மறந்துவிட்டது.

அடுத்த வாரம் காத்திருந்தேன், அதற்கடுத்த வாரமும். வரவில்லை. பிறகுதான் ஒரு கணக்கு மண்டையில் ஏறியது: மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு கிடையாது, பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும், அதனால்தான் அந்தக் காலை நேர வண்டியில் ஒரு வெட்டுக்காரர் சும்மா உட்கார்ந்து பத்திரிகை வாசித்திருக்கிறார். வெயில் அடித்தால் அந்த நேரத்துக்கு அவர் மரத்தடியில் நிற்பார். அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா, விடிந்ததும் மழை பெய்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு முழு மழைக்காலம் கேட்டேன். அம்மா "இந்தக் கழுதைக்கு மழை மேல என்ன இவ்வளவு பிரியம்" என்றாள். மார்கழியில் ஆரியங்காவு ஐயன் (சாஸ்தா) கோயில் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிரக்காரர்கள் பெண் வீட்டாராக வந்து இறங்குவார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்திலும் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண் அன்று அங்கே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

ரொம்ப வருஷம் கழித்து, கல்யாணமாகி ஆரியங்காவுக்கு வந்து, மகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொன்று தோன்றியது. அவர் எனக்காகக் காத்திருக்கவே இல்லையோ என்னவோ. மலையாளம் படித்தவராக இருந்து, தமிழைப் பழகுவதற்காக ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி வாசித்திருக்கலாம். எங்கள் பக்கம் அப்படி நிறையப் பேர். அதனால் மெதுவாகத் திருப்பியிருக்கலாம். வெளிச்சம் வந்தும் ஷட்டரை ஏற்றாமல் இருந்தது, பாதியில் விட்ட வரியைத் தொலைத்துவிடக் கூடாதே என்பதற்காக இருக்கலாம். ஒருவேளை எதிரில் ஒரு பெண் இருந்ததையே அவர் கவனிக்கவில்லை. மகள் "ப-ட்-ட-ம்" என்று இழுத்துக்கொண்டிருக்கிறாள், நான் அடுப்பில் இருந்ததை மறந்து நிற்கிறேன். சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்த நாள் ஒரு துளியும் குறையவில்லை, இன்னும் கொஞ்சம் கூடினது மாதிரி இருந்தது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே யாராவது அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி "கேட்டுக்கொள்" என்றால், வேண்டாம் என்று உள்ளே போய்விடுவேன்.

உங்கள் கதாசிரியர் பறித்துக்கொண்டது இதைத்தான். பையனுக்கு வசதியாக அவள் வாயாலேயே பதிலை வாங்கிக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் ஏங்கியதற்குச் சம்பளம் மாதிரி. அதிலும் அவள் "நானும்" என்கிறாள் பாருங்கள், அவளுக்கென்று தனியாக எதையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அவன் பார்த்ததையே திருப்பிச் சொல்கிறாள்.

பெண் பார்ப்பதை எழுதத் தமிழில் முன்மாதிரி இல்லையா என்ன? பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொல்லிக்கொடுத்து என் மனசில் நிற்பது அகநானூற்றின் 48ஆவது பாட்டு. வேங்கைப் பூப் பறிக்கப் போன பெண்கள் "புலி, புலி" என்று கூச்சல் போடுகிறார்கள். நிஜப் புலி என்று நினைத்து வில்லும் கையுமாக ஒருவன் வந்து, எந்தப் பக்கம் போனது என்று கேட்கிறான். இவர்கள் வெட்கப்பட்டு ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிகிறார்கள். உங்கள் வாயில்கூடப் பொய் வருமா என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். சூரியன் விழுகிற நேரம், அவன் மறைந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் தோழியிடம், இவனல்லவா ஆண்மகன் என்கிறாள். பாலும் குடிக்காமல் மகள் ஏன் வாடுகிறாள் என்று கேட்ட செவிலித்தாயிடம் தோழி இதையெல்லாம் சொல்வதுதான் பாட்டு. அவன் அவளைப் பற்றி என்ன நினைத்தான் என்று தோழியும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வேங்கை மரம் எங்கள் மலையிலும் உண்டு, பூக்கும்போது அந்தப் பெண்கள் பொய்க்கூச்சல் போட்டது நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

கதாசிரியர் மேல் எனக்குக் கோபம் தணிந்துவிட்டது, எழுதி எழுதியே தணிந்தது. குகைக்குள் அந்தப் பையனுக்குத் தன் மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தார், அது அசல், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவரால் முடியும். இந்த வழியில் இப்போது வண்டி ஓடுகிறது, ஒரு தடவை வந்து போகச் சொல்லுங்கள். கழுதுருட்டியில் பதிமூணு கண்ணறைப் பாலத்தை, பதிமூன்று வளைவுள்ள அந்தப் பழைய ரயில் பாலத்தை, பார்த்துவிட்டு, மழைக்காலமாக இருந்தால் குகையின் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்க்கட்டும். இப்போது குகைக்குள் இருட்டு இல்லை, ஆளுக்கொரு போன் வெளிச்சம், அதையும் எழுதலாம்.

கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் வீட்டில் பத்திரிகையை முதலில் பிரிப்பது என் வீட்டுக்காரர்தான், அதிலும் ஆசிரியருக்குக் கடிதம் பக்கத்தைத்தான். "ஒரு வாசகி" என்று போடுங்கள், ஆரியங்காவு என்றுகூட வேண்டாம், புனலூர் என்று மாற்றிவிட்டாலும் சரி. உள்ளே அத்தனை இடத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன், திரும்ப எழுதக் கை வலிக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி