இயந்திரத்துக்கு முன் தாங்கியைப் பாருங்கள்: கொழும்பு வளாகங்களின் குடிநீர் பற்றி ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் அயலிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பதிவாளர்களுக்கும், பராமரிப்புப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

மாணவரானாலும் வாயிற் காவலரானாலும் கூட்டித் துடைக்கும் தொழிலாளியானாலும், வளாகத்துக்குள் வரும் எவருக்கும் காசில்லாமல் நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும். ஆடிவேலுக்குத் தாகசாந்தி வைக்கிற, வெசாக்குக்குத் தன்சல் போடுகிற ஊரில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள். அதை எப்படிச் செய்வது, எங்கே பிழைக்கிறது என்பதைச் சொல்லவே இம்மடல்.

அரை லீற்றர் போத்தலின் உச்ச விலை 2025 ஏப்ரலில் 70 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு வாங்கினால் 20 நாளைக்கு 2800 ரூபா. அதே ஆண்டில் உயர்த்தப்பட்ட பிறகும் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகை மாதம் 7500 ரூபாவாகத்தான் இருந்தது. அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தண்ணீருக்குப் போவது நியாயமே இல்லை. போத்தலோ குடித்து முடிந்ததும் கானுக்குப் போகிறது. 2023இல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்ரிக் பொருட்களில் உறிஞ்சுகுழாயும் கோப்பையும் கரண்டியும் இருந்தன; தண்ணீர்ப் போத்தல் இருக்கவில்லை. ஆகவே சட்டம் வந்து குறைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி எங்களுடைய முதன்மையான கோரிக்கை: குடிநீர் இயந்திரம் வாங்குவதற்கு முன் கூரைமேல் உள்ள தண்ணீர்த் தாங்கியைத் திறந்து பாருங்கள்.

கொழும்புக்கு வரும் நீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தளையிலும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாயில் வரும்போது அதில் குளோரின் கலந்தே வருகிறது. பெரும்பாலும் நீர் கெடுவது உங்கள் நீர்மானியைத் தாண்டிய பிறகு, அதாவது உங்கள் பொறுப்புக்குள். 5000 லீற்றர் கூரைத் தாங்கி உள்ள கட்டடத்தில் நாளுக்கு 1000 லீற்றர்தான் செலவாகிறது என்றால், நீர் ஐந்து நாள் வெயிலில் சூடேறிக் கிடக்கும். குளோரின் அதற்குள் போய்விடும். மூடி சற்று விலகியிருந்தால் காகம் போட்ட எலும்பும் உள்ளே கிடக்கும். வழிவுக் குழாயில் வலை இல்லாவிட்டால் பல்லியும் நுளம்பும் போகும். அடியில் படியும் சேற்றில் கிருமி தங்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே பளபளவென்று ஒரு குளிரூட்டியைப் பூட்டினால், கெட்ட நீர் குளிர்ந்து வரும், அவ்வளவுதான்.

கீழ்த்தளத்துக் குடிநீர்க் குழாய்களைத் தாங்கியோடு இணைக்காமல், சபையின் குழாயிலிருந்தே நேரே எடுங்கள். அழுத்தம் போதுமா என்பதைக் காலை பத்து மணிக்கு, எல்லாரும் பாவிக்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். இணைப்பில் ஒரு பின்னோட்டத் தடுப்பு வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் அழுத்தம் குறையும்போது உள்நீர் பின்னால் இழுபடும். பழைய கல்வனைஸ் (நாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ள கட்டடங்களில் காலையில் முதல் வரும் நீர் பழுப்பாக இருக்கும். அந்தப் பகுதியை மாற்றாமல் வடிகட்டி மட்டும் போட்டால் அது சீக்கிரமே துருவால் அடைத்துக்கொள்ளும்.

மேல்மாடிகளுக்குத் தாங்கி தேவைதான். ஆறு மாதத்துக்கொருமுறை வடித்து, சேற்றை அள்ளி, தேய்த்துக் கழுவி, நிரப்பி, லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி கலக்க வேண்டும். 5000 லீற்றருக்கு 250 கிராம் குளோரின். 30 வீத பிளீச்சிங் பவுடரென்றால் ஏறத்தாழ 830 கிராம். தூளை நேரே தாங்கியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, கசடு அடங்கியபின் மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் தாங்கி மட்டும் சுத்தமாகும், குழாய் அப்படியே இருக்கும். 12 மணித்தியாலமாவது விட்டு, முழுவதையும் கழிவுநீர்க் குழாயில் வடியுங்கள், மழைநீர்க் கானில் அல்ல. அந்தக் கான் கால்வாய்க்குப் போகிறது. வேலை முடியும்வரை குழாய்களில் "குடிக்க வேண்டாம்" என்று மும்மொழியிலும் எழுதித் தொங்கவிடுங்கள்.

வடிகட்டி பற்றி விற்பனையாளர்கள் நிறையச் சொல்வார்கள். நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் உப்பும் புளோரைட்டும் கூடிய கிணற்று நீருக்கு உரியது. அனுராதபுரம் போன்ற இடங்களில் அதற்கு வேலை இருக்கிறது. கொழும்பின் குழாய்நீர் உப்புக் குறைந்த மென்னீர். கடும் வரட்சியில் களனியில் கடல்நீர் ஏறும் நாட்களை விட்டால் இங்கே ஆர்ஓவுக்குத் தேவை இல்லை. சிறிய இயந்திரங்கள் ஒரு லீற்றர் தருவதற்கு இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாகத் தள்ளும். நிலைபேறு என்று பலகை எழுதி அதன்கீழ் இதைப் பூட்டுவது பொருந்தாது.

கரி வடிகட்டி குளோரின் மணத்தை எடுக்கும். அதோடு பாதுகாப்பையும் எடுத்துவிடும். காலம் கடந்த கரியில் கிருமி பெருகும். கரி போடுவதென்றால் அதற்குப் பின்னால் சேமிப்புத் தாங்கி வைக்காமல், குழாய் வாயருகே புறஊதா விளக்கு வையுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஏறத்தாழ 9000 மணித்தியாலத்தின் பின் அதன் வலு குறைந்துவிடும். ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள், குவார்ட்ஸ் உறையைத் துடையுங்கள். இயந்திரம் வாங்கும் பணத்தோடு மூன்றாண்டுக்கான உதிரிப்பாகப் பணத்தையும் ஒதுக்காவிட்டால் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நன்கொடையாக வந்த இயந்திரங்கள் கொள்வனவுப் பட்டியலில் இல்லாததால் வடிகட்டி மாற்ற வழியின்றிக் கைவிடப்படுவதுதான் வழமை.

கொதித்தாறிய நீரைத்தான் நம்புவோம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: 28 பாகையிலிருந்து ஒரு லீற்றரைக் கொதிக்க வைக்க 0.084 அலகு மின்சாரம் போகும். 1000 லீற்றருக்கு 84 அலகு. விடுதி அறையில் கேத்தல் ஓடுவது குறைய வேண்டுமென்றால் குழாய்நீர் நம்பிக்கைக்குரியதாக வேண்டும்.

எத்தனை குழாய்? விரிவுரை முடிந்து 300 பேர் வெளியே வந்து 100 பேர் நிரப்ப நின்றால், ஆளுக்கு 15 விநாடி வீதம் ஒரு குழாயில் 25 நிமிடம் ஆகும். இடைவேளை 15 நிமிடம்தான். இரண்டு குழாய் மட்டுமட்டாகத்தான் போதும், ஆகவே அங்கே மூன்று வேண்டும். குளிர்நீர் எல்லா இடத்துக்கும் அவசியமில்லை. சாதாரண நீர் தரும் குழாய்களைப் பல இடங்களில் வையுங்கள். தொட்டிக்கும் குழாய் வாய்க்கும் 30 சென்ரிமீற்றர் இருந்தால் ஒரு லீற்றர் போத்தல் நிமிர்ந்து நிற்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஒன்று தாழ்வாக இருக்கட்டும். மலசலகூட வாசலில் மட்டும் வைக்காதீர்கள், எவ்வளவு சுத்தமானாலும் அங்கே யாரும் குடிக்கமாட்டார்கள். நூலகம், பரீட்சை மண்டபம், விளையாட்டுத் திடல், வாயிற் காவலறை ஆகியவை முதலில். சிந்தும் நீரை மரத்தடிக்கு விடலாம். ஆனால் தட்டிலோ குழியிலோ தேங்க விடக்கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். தட்டை வாரத்தில் இருமுறை கவிழ்த்துக் கழுவுங்கள்.

இறுதியாக, பரிசோதனை. குழாய் வாயில் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி குளிசையும் ஒப்பிட நிற அட்டையும் இருந்தால் ஒரு மாணவரே ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிடலாம், வாரமொருமுறை பாருங்கள். கரி வடிகட்டி போட்ட குழாயில் இந்த அளவு பொருந்தாது, அங்கே கிருமிப் பரிசோதனைதான் சாட்சி. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614இன்படி 100 மில்லிலீற்றரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றும் இருக்கக் கூடாது. மாதிரிப் போத்தலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேற்று இட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலும் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், அறிக்கை பொய்யாக நல்லதாக வரும். பனிப்பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். நீண்ட விடுமுறையோ பணிப்புறக்கணிப்போ முடிந்து திறக்கும்போது எல்லாக் குழாய்களையும் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு மாதிரி எடுங்கள்.

அந்த முடிவுகளைக் கோப்பில் பூட்டிவைக்காமல் குழாயருகிலேயே ஒட்டுங்கள்: திகதி, குளோரின் அளவு, ஈ.கோலை முடிவு, வடிகட்டி மாற்றிய நாள், பொறுப்பாளரின் தொலைபேசி, எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். முடிவு கெட்டுவந்தால் அதையும் ஒட்டி, குழாயை மூடுங்கள். மாணவர் போத்தல் வாங்குவது குழாயை நம்பாததால்தான். சின்னம் அச்சிட்ட இலவசப் போத்தல் கொடுத்து அந்த நம்பிக்கையை உண்டாக்க முடியாது.

அடுத்த முதலாம் வருட மாணவர் வருமுன் நூலகக் கட்டடம் ஒன்றிலாவது தொடங்குங்கள். தாங்கி கழுவும் நாளில் உடனிருக்கவும், டிபிடி பார்க்கவும் மாதிரி எடுக்கவும் பராமரிப்பு ஊழியருக்கும் மாணவருக்கும் பழக்கவும் நாங்கள் கட்டணமின்றி வருகிறோம்.

இவ்வண்ணம்,
நீர் வழங்கலிலும் நீர்ப் பரிசோதனையிலும் பணிபுரியும் சிலர்,
கொழும்பு