அடுப்பங்கரைக் காற்றையும் அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சென்னைக் காற்றின் தரம் பற்றி வந்த கட்டுரையை ஊன்றிப் படித்தேன். மணலி, கொடுங்கையூர், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி என்று கண்காணிப்பு நிலையங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, அனல்மின் நிலையச் சாம்பல், லாரிப் புழுதி, குப்பைமேட்டுப் புகை என ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். நல்ல உழைப்பு. ஆனால் கட்டுரை தெருவோடு நின்றுவிட்டது, வாசற்படி தாண்டி வீட்டுக்குள் ஒரு வரிகூடப் போகவில்லை. நான் விழுப்புரம் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் நான் பார்த்த இருமலுக்கும் இளைப்புக்கும் லாரியும் இல்லை, ஆலையும் இல்லை. அவர்கள் நாள் முழுக்க முகம் கொடுத்துக்கொண்டிருந்தது அடுப்புக்குத்தான்.

பி.எம். 2.5 என்பது காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் விட்டமுள்ள துகள். தலைமுடிப் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும், அதிலும் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். டீசல் வண்டியின் புகையில் இருக்கும் இந்தத் துகள்தான் சவுக்கு மிலாறும் பனைமட்டையும் வரட்டியும் எரியும்போதும் எழுகிறது. விறகுப் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவு. வீட்டுக்குள் எழும் இந்தப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊதுகுழலை ஊதுகிற தாயைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இப்போதுதான் எல்லார் வீட்டிலும் கேஸ் வந்துவிட்டதே என்று கேட்பார்கள். இணைப்பு வந்தது உண்மை. ஏழைக் குடும்பப் பெண்களுக்கு இணைப்பு தர 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இணைப்பு இருப்பது வேறு, சிலிண்டர் தீர்ந்ததும் மறுநாளே அடுத்தது வாங்க முடிவது வேறு. 2023 அக்டோபரிலிருந்து உஜ்வலா பயனாளிகளுக்கு ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைத்தும், மீதிப் பணத்தைக் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரே நாளில் எடுத்து வைப்பது லேசான காரியமில்லை. அதனால் என்ன நடக்கிறது? டீக்கும் குழம்புக்கும் கேஸ், சோறு வடிக்க விறகு. வெந்நீர் காயவைக்க, நெல் அவிக்க, மாட்டுக்குக் கஞ்சி வைக்க எல்லாம் விறகுதான். ‘கேஸ் இருக்கிறதா’ என்று கணக்கெடுக்க வருபவர் கேட்டால் ‘இருக்கு’ என்று அந்தப் பெண் சொல்வாள். பொய்யில்லை. ஆனால் அவள் மூச்சில் போகும் புகை அந்தப் பதிலில் வராது.

வீடு மாறியதையும் சொல்ல வேண்டும். கூரை வீட்டில் புகை ஓலை இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது கசிந்து வெளியேறும். இன்றைய கான்கிரீட் வீட்டில் சமையலறை என்று தடுக்கிற சின்ன அறைக்குப் பல இடங்களில் ஒரு சன்னல்கூடச் சரியாக இல்லை. வெயில் காலத்தில் வாசலில் கல் கூட்டிச் சமைத்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த அடுப்பு உள்ளே வந்துவிடும். விறகும் நனைந்திருக்கும். ஈர விறகு சரியாகப் பற்றாமல் கமறும்போது எழுகிற புகைதான் மோசமானது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ‘நர்சம்மா, புள்ளைக்கு இழுப்பு நிக்கல’ என்று துணை சுகாதார நிலையத்துக்கு ஓடிவருவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். சளிக் காய்ச்சலும் அப்போது சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்கவில்லை. புகை அந்தச் சளியை இழுத்துக்கொண்டே போகும்.

எங்கள் மாவட்டத்திலேயே இது அறிவியல் முறைப்படி ஆராயப்பட்டிருக்கிறது என்பது உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அடுப்புப் புகை பற்றிய ஹேப்பின் என்ற ஆய்வு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளோடு இந்தியாவிலும் நடந்தது. இந்தியாவில் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் இதில் முக்கியப் பங்காற்றினார். நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். அவர்களில் பாதிப் பேருக்கு 18 மாதம் கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தரப்பட்டன. அந்தப் பெண்கள் சுவாசித்த துகளின் அளவு மற்றவர்களுடையதைவிட வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையிலோ, முதல் வருடத்தில் வந்த கடும் நிமோனியாவிலோ எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. அந்த முடிவை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு ‘கேஸ் கொடுத்தும் பயனில்லை’ என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. கர்ப்பம் தரித்துச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்த வீடுகளுக்கு அடுப்பு போனது. அதற்கு முன் அந்தப் பெண் பத்து வயதிலிருந்தே புகையில் நின்றவள். தெரு முழுக்க விறகு எரியும்போது ஒரு வீட்டில் மட்டும் கேஸ் எரிந்தால் பக்கத்து வீட்டுப் புகை சன்னல் வழியாக வரத்தானே செய்யும்? கிராமம் மொத்தமும் விறகை விட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் இன்னும் செய்து பார்க்கவே இல்லை.

நகரத்து வாசகர்களும் இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கொசுவத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சீனா, மலேசியக் கொசுவத்திச் சுருள்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2003இல் வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் பி.எம். 2.5 துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்றது அது. நாம் அதைக் குழந்தை படுத்திருக்கிற அறையில் ஏற்றி, கொசு வராமலிருக்கக் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுத் தூங்குகிறோம். டெங்குக்குப் பயந்துதான் செய்கிறோம், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கொசுவலைக்குப் புகை கிடையாது, சன்னலுக்கு வலை அடித்தால் காற்றும் வரும். ஏ.சி. போட்டால் காற்று சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளியிலிருந்து புதுக்காற்றை எடுத்து வருவதில்லை. மூடிய அறையில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ போட்டுவிட்டு ஏ.சி.யை ஓடவிட்டால் அந்தப் புகை அங்கேயேதான் சுற்றும்.

வெளிக்காற்று பற்றி ஒன்று மட்டும். பத்திரிகைகள் போடுகிற காற்றுத் தரக் குறியீடு 100 வரை இருந்தால் கவலையில்லை என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டுக் குறியீட்டில் 100 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வரம்போ 15 மைக்ரோகிராம்தான். இன்னொரு வேறுபாடும் உண்டு. 2009இல் வந்த நம் தேசியத் தர அளவு வெளிக்காற்றுக்கானது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு வீட்டுக்கு உள்ளும் புறமும் ஒன்றுதான். போகி அன்று விடியற்காலையில் சன்னலைச் சாத்த வேண்டும், தாளிக்கும்போது திறக்க வேண்டும் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க இரண்டு பக்கத்து நிலவரமும் தெரிய வேண்டுமில்லையா?

சுகாதாரத் துறைக்கு உங்கள் இதழ் மூலம் ஒரு கோரிக்கை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள். படியேறிப் போகிற அவர்கள் கையில் இருக்கும் படிவத்தில் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்கலாம். சோறு எதில் வடிக்கிறீர்கள்? வெந்நீர் எதில் காய்கிறது? அடுப்பங்கரைக்குச் சன்னல் இருக்கிறதா? இருமல் எத்தனை வாரமாக? பீடி, சிகரெட் குடித்த ஆண்களுக்கு வரும் நுரையீரல் அடைப்பு நோய், புகையிலையையே தொடாத பெண்களுக்கும் வருகிறது. ‘பீடி பிடிப்பீர்களா’ என்று ஆணிடம் கேட்கிற மருத்துவர், ‘எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள்’ என்று பெண்ணிடமும் கேட்க வேண்டும். ஊருக்குப் பத்து அடுப்பங்கரையிலாவது சிறிய அளவைக் கருவி வைத்து மழைக்காலத்தில் ஒரு வாரம் அளந்து, அந்த எண்ணைக் கிராமசபையில் வாசிக்கட்டும். சிலிண்டர் மானியத்தை எந்த வீட்டுக்குக் கூட்டித் தருவது, தொகுப்பு வீட்டு வரைபடத்தில் சன்னலை எங்கே வைப்பது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

உங்கள் செய்தியாளரும் அடுத்த கட்டுரைக்கு அந்தக் கருவியோடு ஒரு வீட்டுக்குள் போய் வரட்டும். ஐப்பசியில் எங்கள் பக்கம் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
விழுப்புரம் மாவட்டம்.