ஒரே எண்ணில் இரண்டு பேர்: போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் பால் சங்கத்தின் கணக்கு முழுவதும் உங்கள் மென்பொருளில்தான் இருக்கிறது. ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிறீர்கள். அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனாலும் போன மாதம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒற்றைப் பசு வைத்திருக்கும் ஓர் அம்மா பால் அட்டையோடு வந்து நின்றார். பத்து நாள் ஊற்றிய பால், காலை மாலை என்று பேனாவில் ஒழுங்காக எழுதியிருந்தது. பணம் மட்டும் வேறொருவர் கணக்கில் ஏறியிருந்தது. தேடினால், 214 என்ற எண் இரண்டு பேருக்கு இருக்கிறது.

'உறுப்பினர்' என்ற தாய் டேபிளில் அந்த எண்தான் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் அடையாளம். அதன் அமைப்பை வாங்கிக்கொள்ளும்படி இன்ஹெரிட்ஸ் போட்டு இரண்டு பிள்ளை டேபிள்கள்; தாயைக் கேட்டால் பிள்ளைகளில் உள்ளதும் சேர்ந்து வரும். மதிப்பு சரியா என்று பார்க்கும் செக், காலியாக விடக் கூடாது என்னும் நாட் நல் ஆகிய விதிகள் பிள்ளைகளுக்கு இறங்குகின்றன. ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது என்னும் யூனிக் இறங்குவதில்லை. பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கீ போட்டாலும், இதில் உள்ள எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. தாய் டேபிளைக் கேட்டால் 214 இரண்டு வரிசையாக வருகிறது. பிரைமரி கீயே இரண்டு முறை! பால் வரவு டேபிளில் உள்ள எண் உறுப்பினர் டேபிளில் இருக்க வேண்டும் என்று ஃபாரின் கீ போடலாமென்றால், பிள்ளை டேபிளில் இருப்பவர்களை அது கண்டுகொள்வதே இல்லை.

சரி, வரிசை சேரும்போது தானாக ஓடிச் சரிபார்க்கும் டிரிக்கர் எழுதினோம். இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் ஆள் சேர்த்தபோது, இன்னும் கமிட் ஆகாத, அதாவது உறுதியாகப் பதிவாகாத, மற்ற வரிசை எந்த டிரிக்கருக்கும் தெரியவில்லை. இரண்டும் உள்ளே போய்விட்டன. இப்போது எண்களுக்கென்றே தனி டேபிள் வைத்து, அதில் யூனிக் போட்டுச் சமாளிக்கிறோம்.

இந்தக் குறை உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. ஃபாரின் கீ விஷயத்தில் நல்ல மாற்றுவழி இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெரிய டேபிளைத் துண்டுகளாகப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன் டேபிள்களுக்கு 2018இல், 11ஆம் பதிப்பில், யூனிக் கொடுத்தீர்கள். அதுவும் எதை வைத்துப் பிரிக்கிறோமோ அந்தப் பார்ட்டிஷன் கீயையும் சேர்த்தால்தான். இன்ஹெரிடன்ஸ் அப்படியே நிற்கிறது. ஆப்ஜெக்ட்-ரிலேஷனல், அதாவது டேபிள்களோடு பொருள்களின் தாய்-பிள்ளை உறவையும் கையாளும் தரவுத்தளம் என்றுதானே உங்களை அறிமுகம் செய்துகொள்கிறீர்கள்? ஒரு பொருளுக்கு ஓர் அடையாளம் என்பதைக் காக்காமல் அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: தாய் டேபிளில் யூனிக் என்றால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து யூனிக்காக இருக்கட்டும். அது வேகத்தைக் குறைக்கும், ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டுகளைக் கூட்டும் என்று தெரியும். வேண்டியவர் மட்டும் கேட்டு வாங்கும்படி வையுங்கள். அதுவரை, பிரைமரி கீ உள்ள டேபிளில் இன்ஹெரிட்ஸ் போடும்போது 'இது பிள்ளைக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி நோட்டீஸாவது காட்டுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
பால் சங்கக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஒருவன்