உப்புக்காக வளர்த்த வேலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் குறுக்கே முள்வேலி வளர்த்து உப்பைத் தடுத்தார்களாமே, நம்பலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நம்பலாம். ஆனால் ஒரு திருத்தம். சிந்து நதியிலிருந்து மகாநதி வரை ஏறக்குறைய 2,300 மைல் என்பது சுங்கக் கோட்டின், அதாவது வரி கட்டாத உப்பைத் தடுக்கக் காவல் போட்ட எல்லையின், நீளம். முழுக்க வேலியில்லை. நல்ல பச்சை வேலி என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டது, 1878 வாக்கில் 400 மைலைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் காய்ந்த முள், கல்சுவர், அகழியும் மண்மேடும்.

காரணம் வரி. வங்காள மாகாணத்தில் ஒரு மணங்கு உப்புக்குச் சுமார் 3 ரூபாய். (நம் மதராஸ் மணங்கு என்று எண்ணிவிடாதே. இது வங்காள மணங்கு, 37 கிலோ. நம்முடையது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.) மதராஸிலும் பம்பாயிலும் வரி 2 ரூபாய்க்கும் கீழே. ராஜபுதனத்துச் சாம்பர் ஏரி உப்போ சமஸ்தானங்களின் உடைமை. மேற்கிலும் தெற்கிலும் உப்பு மலிவு, கோட்டுக்கு அப்பால் போனால் விலை ஏறும். கடத்தாமல் யார் இருப்பார்கள்?

நான் வியப்பது வேலியைக் கட்டிய விதத்தைத்தான். முதலில் வெட்டிய முள்ளைக் குவித்துத்தான் பார்த்தார்கள். 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அதற்குக் கணக்குப் போட்டார்: ஒரு மைலுக்கு 250 டன் முள். அதைக் கால் மைல் முதல் 6 மைல் தொலைவிலிருந்து சுமந்து வரவேண்டும். கரையான், தீ, சூறைக்காற்று என்று ஆண்டுதோறும் பாதி அழிந்துபோகும். 100 மைலுக்கு வருடா வருடம் 12,500 டன் புதிய முள் வேண்டும் என்றாகிறது. உயிர்வேலி வளர்த்தால் அது தானே முளைக்கும், தானே அடரும் என்று அவர் அதில் முனைப்புக் காட்டியதன் காரணம் இதுதான்.

ஆனால் அதுவும் எளிதில்லை. மண் மோசமான இடத்தில் பள்ளம் தோண்டி, வேறிடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி விதைத்தார்கள். வெள்ளம் வரும் பகுதியில் முதலில் கரை போட்டு அதன்மேல் நட்டார்கள். வறண்ட இடத்தில் கிணறு வெட்டினார்கள். கருவேலம், இலந்தை, களா, கள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு எது பிடிக்குமோ அது. நன்றாக வளர்ந்த இடத்தில் 10 முதல் 14 அடி உயரம், 6 முதல் 12 அடி கனம். மனிதனோ மாடோ புகமுடியாது. ஆனாலும் வெட்டுக்கிளி மேய்ந்துவிடும், ஒட்டுண்ணிக் கொடி ஏறினால் செடி பட்டுப்போகும். ஓரிடத்தில் இடைவெளி விழுந்தால் போதும், அந்த வழியே உப்பு மூட்டையோடு ஒட்டகக் கூட்டத்தையே ஓட்டிவிடுவார்கள். வேலிக்கு மேலே மூட்டையை எறிவதும் உண்டு. காவலுக்குச் சுமார் 12,000 பேர். அவர்களிலேயே கையூட்டு வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இந்த ஹியூம்தான் 1885இல் காங்கிரஸ் பிறக்க முன்னின்றவர். பறவை ஆராய்ச்சியாளராகவே அவரை அறிந்தவர்களும் உண்டு. அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வேலி ஏன் போயிற்று என்பதைத்தான் நீ முக்கியமாகக் கவனிக்கவேண்டும். மக்கள்மேல் இரக்கப்பட்டு எடுத்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது வேறு. 1870இல் ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசுகளிடமிருந்து சாம்பர் ஏரியை அரசாங்கம் குத்தகைக்கு எடுத்தது. உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்க வழி பிறந்தது. மேற்குப் பக்கம் அடைபட்டது. தெற்கிலிருந்து ஏறிவரும் மலிவு உப்புதான் மிச்சம். அதற்கு வைஸ்ராயின் சபையில் நிதிப் பொறுப்பில் இருந்த ஜான் ஸ்ட்ரேச்சி கண்ட வழி, வரி வித்தியாசத்தையே இல்லாமல் ஆக்குவது. வடக்கே சில அணாக்கள் குறைந்தன. மதராஸ், பம்பாய் வரி மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. கடத்தினால் கூலிக்குக்கூடக் கட்டாது என்றானபின் 1879 ஏப்ரல் முதல் தேதி சுங்கக் கோடு மூடப்பட்டது.

அந்த வரி ஏறிய காலத்தைப் பார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாணத்தில் ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், எங்கோ வடக்கே நின்ற வேலியை எடுப்பதற்கான விலையை நம் ஜனங்கள் கஞ்சிக்குப் போடும் உப்பில் கட்டினார்கள். 1882இல்தான் அது 2 ரூபாயாக இறங்கியது.

பழைய மாவட்டக் கையேடுகள் உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவே. 1877, 1878 ஆண்டுகளின் உப்பு விற்பனை அளவு அவற்றில் இருந்தால் குறித்து அனுப்பு. வரி ஏறியபின் ஜனங்கள் உப்பைக் குறைத்துக்கொண்டார்களா என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்